வித்தின் ஆயுள்

பத்தாந் தரத்து மாணவருக்கு வித்து முளைத்தலைக் கற்பிக்கும்போது, ஒவ்வொருவரும் வீட்டிலிருந்து பத்துப் பயறு கொண்டுவர வேண்டுமென்று சொல்வது எமது வழக்கம். அவற்றை ஈரப் பஞ்சில் இட்டு, மூன்று நாட்கழித்து எண்ணிப் பார்ப்போம். சென்ற தவணையில் எல்லோருடைய பயறும் வெள்ளை முளை நீட்டி நிற்க, ஒரு மாணவனுடைய தட்டில் மாத்திரம் பத்தும் ஊதிப் பருத்து, நாற்றமெடுத்துக் கிடந்தன. வகுப்பிலே ஒரே சிரிப்பு. அவனோ முகம் வாடி, “சேர், எல்லாற்றையும் ஒரே மாதிரித்தானே இருந்தது?” என்று கேட்டான். அவன் வீட்டுப் பயறு நாலைந்து வருடங்களாக ஒரு தகரப் பேணியில் அடுப்படியிற் கிடந்ததாம்.

சிரித்தவர் எவருக்கும் தோன்றாத கேள்வியை அவன் கேட்டுவிட்டான். உயிருள்ள வித்தையும் மாண்டுபோன வித்தையும் அருகருகே வைத்துப் பார்த்தாற் கண்ணுக்கு வேறுபாடு புலப்படாது. நிறமும் பருமனும் ஒன்றே. இரண்டும் அசையாமலே கிடக்கின்றன. நீர் தொட்ட பின்னரே எது உயிர், எது பிணம் என்பது தெரியவருகின்றது. அப்படியாயின் அந்தப் பயறு எப்போது இறந்தது? எதனால் இறந்தது?

வித்து முற்றும் காலத்தில் தாய்ச்செடி அதற்கு உணவூட்டுவதை நிறுத்திவிடுகின்றது. வித்தினுள் இருக்கும் நீர் சிறிது சிறிதாக வெளியேறி, இறுதியில் நூற்றுக்குப் பத்துப் பன்னிரண்டு பங்களவே எஞ்சும். பெரும்பாலான செடிகளின் இலையோ வேரோ இவ்வளவு நீரை இழந்தால் உயிர் தாங்காது. வித்து தாங்குவதற்குக் காரணம், நீர் குறையக் குறைய அதன் கலங்களுக்குள் வெல்லங்களும் சில தனிவகைப் புரதங்களும் செறிந்து, சீனிப்பாகு பதம் மிஞ்சிப் போனால் இறுகிக் கண்ணாடி போலாவதுபோல, எல்லாவற்றையும் இருந்த இடத்திலேயே இறுக்கிப் பிடித்துக் கொள்வதாகும். அந்த இறுக்கத்தில் இரசாயன மாற்றங்கள் யாவும் மிக மிக மெதுவாகவே நிகழ்கின்றன.

மெதுவாக நிகழ்கின்றன என்றோமேயன்றி, நின்றுவிடுகின்றன என்று சொல்லவில்லை. வித்து உறங்குகின்றது என்று நாம் பேச்சிலே சொல்கிறோம். உறங்குகின்றவனுக்கு மூப்பு வராதா? நாட்பட்ட எண்ணெயிற் சிக்கு நாற்றம் ஏறுவதற்குக் காரணமான அதே ஒட்சியேற்றம் வித்தினுள்ளும் இரவு பகலாக நடந்துகொண்டே இருக்கின்றது. கலங்களைச் சூழ்ந்துள்ள மென்சவ்வுகள் பழுதுபடுகின்றன. புரதங்கள் உருக்கெடுகின்றன. பரம்பரைச் செய்தியைத் தாங்கும் டி.என்.ஏ. இழைகளில் முறிவுகள் விழுகின்றன. உலர்ந்து கிடக்கும் வரையில் இந்தப் பழுதுகளைத் திருத்த வித்தினால் இயலாது. திருத்துவதற்கு நொதியங்கள் இயங்க வேண்டும். நொதியங்கள் இயங்க நீர் வேண்டும். ஆகவே பழுதுகள் ஒன்றன்மேலொன்றாகச் சேர்ந்துகொண்டே போகின்றன. என்றோ ஒருநாள் ஈரம் கிடைக்கும்போது, வித்து முதன்முதலிற் செய்யும் வேலை வளர்வதன்று, பழுது பார்ப்பதேயாம். சேதம் குறைவாயின் சில மணி நேரத்தில் அதை முடித்துக்கொண்டு முளையை வெளியே விடும். சேதம் மிகுதியாயின் முளை பிந்தும். நாற்று வலுவிழந்து வரும். திருத்தும் வல்லமையையும் மிஞ்சிப் போயிற்றாயின், சவ்வுகளினூடாக வெல்லமும் உப்பும் ஒழுகி, பூஞ்சணத்துக்கு விருந்தாகிவிடும். எமது மாணவனுடைய தட்டில் எழுந்த நாற்றம் அதுவே.

இதில் இன்னுமொன்றைக் கமக்காரர் கவனிக்க வேண்டும். ஒரே குவியலிலுள்ள வித்துக்கள் ஆண்டுக்கு இத்தனையென்று ஒழுங்காக இறப்பதில்லை. நெடுங்காலம் வரை பெரும்பாலானவை நன்றாகவே முளைத்துக்கொண்டிருக்கும். பின்னர் ஒரு கட்டத்தில், மேட்டிலிருந்து சரிவது போலத் திடீரென விழுந்துவிடும். “போன வருடம் நன்றாக முளைத்ததே” என்னும் சமாதானத்தை நம்பி விதைத்தவர் பலர் ஏமாந்ததற்குக் காரணம் இந்தச் சரிவுதான்.

ஆயுள் எவ்வளவு என்பதை நிர்ணயிப்பவை முக்கியமாக இரண்டு: ஈரலிப்பும் வெப்பமும். அமெரிக்க ஆராய்ச்சியாளராகிய ஹரிங்டன் என்பவர் இதற்கு மனத்திலே வைத்துக்கொள்ளக்கூடிய ஒரு வாய்பாட்டைத் தந்திருக்கின்றார். வித்தின் ஈரலிப்பு நூற்றுக்கு ஒரு பங்கு குறையுந்தோறும் அதன் ஆயுள் இருமடங்காகும்; வெப்பநிலை ஏறக்குறைய 5 பாகை சென்ரிகிறேட் குறையுந்தோறும் அவ்வாறே இருமடங்காகும். மாணவர்கள் கணக்கிட்டுப் பார்க்கலாம். நூற்றுக்கு 12 பங்கு ஈரலிப்புள்ள வித்தை 8 பங்காக உலர்த்தினால் நான்கு முறை இருமடங்கு, அதாவது 16 மடங்கு. அதையே 30 பாகை வெப்பத்திலிருந்து 10 பாகைக்குக் கொண்டுபோனால் இன்னுமொரு 16 மடங்கு. இரண்டையும் பெருக்கினால் 256. ஓராண்டு இருந்த வித்து 256 ஆண்டு இருக்குமென்று கணக்குச் சொல்லும். இது அண்ணளவான விதியேயென்பதையும், அளவு கடந்த ஈரலிப்பிலோ அளவு கடந்த உலர்விலோ இது பொருந்தாதென்பதையும் மறத்தலாகாது. ஆயினும் நம் வீட்டு அடுப்படியில் வித்து ஏன் விரைவில் மடிகின்றது என்பது இதிலிருந்து விளங்கும்.

ஹரிங்டன் சொன்ன மற்றொரு கணக்கு இன்னும் எளியது. வித்திருக்கும் அறையின் வெப்பநிலையைப் பரனைற் பாகையிலும், காற்றின் ஈரப்பதனை நூற்றுவீதத்திலும் எடுத்துக் கூட்டுக. கூட்டுத்தொகை 100க்குக் கீழிருந்தால் வித்துக்கு நலம். நமது ஊரிலே மழைக்காலத்து அறையொன்றில் வெப்பம் 86 பாகை, ஈரப்பதன் 80 என்று கொண்டால் 166 வருகின்றது! வித்தை வெயிலிற் காயவைத்து நன்றாக உலர்த்திவிட்டோமென்று நிம்மதியடைபவர்கள், திறந்த சாக்கிலே அது காற்றிலுள்ள ஈரத்தை மறுபடியும் உறிஞ்சிவிடும் என்பதை எண்ணுவதில்லை. நம் முன்னோர் உலர்ந்த வித்தைச் சாம்பலுடன் கலந்து சுரைக்குடுக்கையில் அடைத்து, அடுப்புக்கு மேலே புகைபடும்படி தொங்கவிட்டதில் ஈரத்தைப் பற்றிய அறிவும் பூச்சியைப் பற்றிய அறிவும் நிறைய இருந்தன. வெப்பத்துக்கு மாத்திரம் அவர்களிடம் வழியிருக்கவில்லை.

வித்தின் நீண்ட ஆயுளைப் பற்றிய கதைகளுக்கும் குறைவில்லை. எகிப்திய அரசர்களின் கல்லறையிலிருந்து எடுத்த கோதுமை முளைத்ததென்னும் கதையைப் பத்தொன்பதாம் நூற்றாண்டு முதல் உலகம் சொல்லிவருகின்றது. அது வெறும் கட்டுக்கதை. உண்மையாகவே கல்லறையிலிருந்து வந்த தானியங்களைச் சோதித்தபோது அவற்றின் முளையங்கள் கருகிச் சிதைந்திருந்தன. உல்லாசப் பிரயாணிகளிடம் புதிய கோதுமையைப் பழையதென்று விற்றுப் பணம் பண்ணினோர் அக்கதைக்கு வேண்டிய உரமிட்டனர்.

ஆயினும் மெய்யான அற்புதங்களும் உண்டு. சாக்கடலுக்கு அருகிலுள்ள மசாடாக் கோட்டையில் 1960களில் அகழ்ந்தெடுத்த பேரீச்சங் கொட்டைகளில் ஒன்றை 2005 ஆம் ஆண்டில் இஸ்ரேலிய ஆராய்ச்சியாளர் நட்டனர். அது முளைத்து மரமாயிற்று. காபன் முறையாற் கணித்ததில் அக்கொட்டைக்கு ஏறக்குறைய 2,000 வயது. மழையே காணாத வறண்ட நிலம் அதைக் காத்து வைத்திருந்தது. சீனாவில் லியாவோனிங் மாகாணத்து வற்றிய ஏரிப் படுகையிலிருந்து எடுத்த தாமரை வித்தொன்று ஏறக்குறைய 1,300 ஆண்டு கழித்து முளைத்ததை 1995 இல் வெளியிட்டனர். தாமரை வித்தின் ஓடு நீரும் காற்றும் புகமுடியாதபடி அத்துணை வன்மையானது. சேதமுற்ற புரதத்தைத் திருத்தும் நொதியமொன்றும் அதில் அழியாதிருந்ததாம். ஆனால் அந்தப் படுகையின் முதிய வித்துக்களிலிருந்து எழுந்த செடிகள் சில குறைபாடுகளோடு வளர்ந்தன என்பதைப் பத்திரிகைகள் அவ்வளவாக எழுதவில்லை. முளைப்பது ஒன்று, நலமாக வாழ்வது வேறொன்று.

இந்த அற்புதங்களைவிட எம் மனத்தைக் கவர்ந்தது, ஒரு ஆசிரியர் செய்த பொறுமையான பரிசோதனை. அமெரிக்காவின் மிச்சிகன் விவசாயக் கல்லூரியிற் கற்பித்த வில்லியம் ஜேம்ஸ் பீல் என்பவர், களைகளைப் பிடுங்கிக்கொண்டே வந்தால் எத்தனை ஆண்டில் நிலத்திலுள்ள களைவித்துத் தீரும் என்று அறிய விரும்பினார். 1879 ஆம் ஆண்டில் இருபது போத்தல்களை எடுத்து, இருபதுக்கும் மேற்பட்ட செடியினங்களில் ஒவ்வொன்றிலும் ஐம்பது வித்தென எண்ணி, ஈர மணலோடு கலந்து நிரப்பினார். நீர் தேங்காதபடி திறந்த வாயைக் கீழ்நோக்கிச் சரித்துக் கல்லூரி வளவிலே புதைத்தார். ஐந்தாண்டுக்கு ஒரு போத்தலாக எடுத்து முளைக்கவைத்துப் பார்ப்பதே ஏற்பாடு. பீல் இளைப்பாறினார், பின்பு 1924 இல் காலமுமானார். வித்துக்களோ முளைத்துக்கொண்டிருந்தன. அவருக்குப் பின்வந்தவர்கள் இடைவெளியைப் பத்தாண்டாக்கினர், பின்னர் இருபதாண்டாக்கினர். புதைத்த இடத்தைக் காட்டும் வரைபடம் ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாறி வந்தது. பதினாறாவது போத்தலை 2020 இல் எடுத்திருக்க வேண்டும். கொரோனாத் தொற்றினால் ஓராண்டு பிந்தி, 2021 சித்திரை மாதத்திலே, வெளிச்சம் பட்டால் மீந்துள்ள வித்துக்கள் தூண்டப்படும் என்றெண்ணி, விடியுமுன் இருளிற் சென்று தோண்டினர். அதில் இருபது வித்துக்கள் முளைத்தன. ஒருவகைக் களையே அவற்றிற் பெரும்பான்மை. மற்ற இனங்கள் அனேகமாக முன்னரே மாண்டுவிட்டன. இன்னும் நான்கு போத்தல்கள் மண்ணுக்குள் இருக்கின்றன. கடைசிப் போத்தலை 2100 ஆம் ஆண்டில் எடுப்பர்.

உலர்ந்த வித்தே நீடிக்கும் என்று மேலே சொன்னோம். ஈர மணலில் 140 ஆண்டுக்கு மேல் எப்படி உயிர் தரித்தது என்று கூரிய மாணவர் கேட்பர். கேட்க வேண்டிய கேள்விதான். ஈரம் ஊறியும் முளைக்காமல் உறங்குநிலையில் இருக்கும் வித்து, தன் பழுதுகளை அவ்வப்போது தானே திருத்திக்கொள்ள வல்லது. உலர்ந்த வித்து சேதத்தைத் தள்ளிப்போடுகின்றது; ஈர வித்து சேதத்தைத் திருத்திக்கொண்டே வாழ்கின்றது. இரண்டுக்கும் இடைப்பட்ட அரைகுறை ஈரந்தான் கொல்லுவது. நமது தகரப் பேணிகளில் இருப்பதும் அந்த அரைகுறை ஈரமே.

எல்லா வித்துக்களையும் உலர்த்தி வைத்துவிடலாம் என்றும் நினைத்தலாகாது. பலா, மா, கொக்கோ, இறப்பர் முதலியவற்றின் வித்துக்கள் உலர்ந்தாலே இறந்துபோகும். வாரக் கணக்கிலேயே அவற்றின் ஆயுள் தீரும். 1876 இல் ஹென்றி விக்கம் பிரேசிலிலிருந்து எழுபதினாயிரம் இறப்பர் வித்துக்களை இலண்டன் கியூப் பூங்காவுக்கு அவசர அவசரமாகக் கொண்டுவந்தும், நூற்றுக்கு நாலளவே முளைத்தன. அந்த நாற்றுக்களிற் பெரும்பகுதி அதே ஆண்டில் இலங்கைக்கு வந்து கம்பஹாவுக்கு அருகே ஹேனரத்கொடப் பூங்காவில் நடப்பட்டது. இந்நாட்டு இறப்பர்த் தோட்டங்களின் வரலாறு, விரைவிற் சாகும் ஒரு வித்தோடு நடந்த ஓட்டப்பந்தயத்திலேதான் தொடங்கியது.

உலர்த்தத் தக்க வித்துக்களுக்கு இன்று உலகெங்கும் வித்து வங்கிகள் உள்ளன. பேராதனைக்கு அருகில் கன்னொறுவையிலும் ஜப்பானிய உதவியோடு நிறுவிய ஒன்று இருக்கின்றது. இவ்வங்கிகளில் வித்தின் ஈரலிப்பை நூற்றுக்கு 3 முதல் 7 பங்கு வரை குறைத்து, காற்றுப் புகாத உறைகளில் அடைத்து, பூச்சியத்துக்குக் கீழ் 18 பாகைக் குளிரில் வைப்பது முறை. வட துருவத்தை அடுத்த சுவால்பார்ட் தீவில், உறைந்த மலையைக் குடைந்து 2008 இல் நோர்வே அரசு திறந்த களஞ்சியத்தில் உலக நாடுகள் தத்தம் வித்துக்களின் மறுபிரதிகளை வைத்துள்ளன. ஆனால் எத்துணைக் குளிரிலும் வித்து முதுமையடைகின்றது. ஆகையால் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை சிறிதளவு எடுத்து முளைக்கவைத்துப் பார்க்கிறார்கள். முளைப்பு முன்னிருந்த அளவில் நூற்றுக்கு 85 பங்குக்குக் கீழ் இறங்கிற்றாயின், உடனே வயலில் விதைத்துப் புது வித்து எடுத்து வைக்கிறார்கள். வங்கி என்ற பெயர் எமக்கு அவ்வளவு பொருத்தமாகப் படவில்லை. வங்கியில் இட்ட பணம் வட்டியோடு வளரும். இதுவோ நாளுக்குநாள் தேய்வது.

இத்தகைய சேமிப்பைக் காக்க மனிதர் என்ன விலை கொடுத்தனர் என்பதற்கு லெனின்கிராட் நகரத்து வரலாற்றைச் சொல்ல வேண்டும். நிக்கொலாய் வவிலோவ் என்ற பெருந் தாவரவியலறிஞர் ஐந்து கண்டங்களிலும் அலைந்து சேர்த்த பயிர்வித்துக்கள் அந்நகரத்து நிறுவனத்தில் இருந்தன. 1940 இல் அவரைச் சோவியத் அரசு சிறைப்படுத்தியது. மறு ஆண்டிலே ஜேர்மன் படை நகரை முற்றுகையிட்டது. 872 நாள் நீடித்த அம்முற்றுகையிற் பசியால் மாண்டோர் இலட்சக்கணக்கானோர். நிறுவனத்து அலுவலர்களோ கோதுமையும் நெல்லும் கடலையும் நிறைந்த அறைகளிலே எலியை விரட்டிக்கொண்டு காவலிருந்தனர். நெற்பகுதிக்குப் பொறுப்பாயிருந்த இவனோவ் ஆயிரக்கணக்கான நெற்பொதிகளின் நடுவே பட்டினியால் இறந்தார். நிலக்கடலை ஆய்வாளரான சுக்கின் தம் மேசையிலேயே உயிர் விட்டார். வேறு பலரும் அவ்வாறே மாண்டனர். 1943 தையில், சரத்தோவ் சிறைச்சாலையில், வவிலோவும் போதிய உணவின்றி வாடி இறந்தார். உலகத்தின் பசியைத் தீர்க்க வித்துத் தேடியவருக்கு அந்த முடிவு!

அண்மைக் காலத்துக் கதையொன்று சிரியாவிலே நிகழ்ந்தது. அலெப்போ நகருக்கு அருகில் வறண்ட நிலப் பயிர்களுக்கான சர்வதேச நிலையமொன்று கோதுமை, பார்லி, கடலை, பருப்பு வகைகளின் வித்துக்களைப் பேணிவந்தது. உள்நாட்டுப் போர் மூண்டபின் அதை நடத்த இயலாதாயிற்று. ஆனால் அவர்கள் முன்னமே தம் வித்துக்களிற் பெரும்பகுதியின் பிரதிகளைச் சுவால்பார்ட்டுக்கு அனுப்பியிருந்தனர். 2015 இல் அக்களஞ்சியத்திலிருந்து முதன்முதலாக வித்துத் திருப்பிக் கேட்டவர்கள் அவர்களே. ஏறக்குறைய 38,000 மாதிரிகள் வெளியே வந்தன. அவற்றை என்ன செய்தார்கள்? சிரியாவுக்குத் திரும்பும் நாள்வரை காத்திருக்கவில்லை. லெபனானிலும் மொறொக்கோவிலும் அந்நிய மண்ணிலே விதைத்தார்கள், அறுத்தார்கள், 2017 முதற் புது வித்தைக் களஞ்சியத்துக்குத் திருப்பியும் கொடுத்தார்கள்.

இச்செய்தியைப் படித்த நாளில் எமது அம்மம்மாவின் நினைவு வந்தது. 1995 ஐப்பசியில் வலிகாமத்து மக்கள் எல்லோரும் ஒரே இரவில் எழுந்து நடந்தபோது எமக்குப் பதினைந்து வயது. அம்மம்மா தம் மடியில் முடிந்துகொண்ட சொத்து, சாம்பல் கலந்த வித்துக்கள் நிறைந்த ஒரு பழைய ஹோர்லிக்ஸ் போத்தல். கத்தரி, மிளகாய், பாகல், பயிற்றை, சுரை ஆகியவை ஒவ்வொன்றும் துணிமுடிச்சாக அதற்குள் இருந்தன. அந்தக் கத்தரியை அவர் முப்பது வருடமாகத் தெரிந்தெடுத்துத் தெரிந்தெடுத்து வளர்த்து வந்தவர்; வெண்மை கலந்த ஊதா நிறமும் முள்ளுக் காம்பும் உடையது, பொரித்தால் எண்ணெய் குடிக்காதது. தென்மராட்சியிலிருந்து வன்னிக்குப் போனோம். வன்னியிலே வாடகை வளவில் நிலமும் கிணறும் இருந்தன. “கொஞ்சத்தைப் போட்டுப் பாப்பமே, அம்மா” என்று எம் தாயார் எத்தனையோ முறை கேட்டார். “வேண்டாம் பிள்ளை. அது எங்கட மண்ணிலைதான் விழவேணும். போய்ப் போடுவம்” என்பார் அம்மம்மா. போத்தலைத் துடைத்துத் துடைத்து வைத்ததைத் தவிர வேறொன்றும் அவர் செய்யவில்லை. மழையிலும் வெயிலிலும் கொட்டிலின் மூலையிலே அது ஏழு ஆண்டு இருந்தது.

2002 இல் பாதை திறந்தபின் ஊருக்கு வந்தோம். புரட்டாதியில் அம்மம்மா தம் கையாற் பாத்தி கட்டி எல்லா முடிச்சுக்களையும் அவிழ்த்தார். கத்தரியில் ஒன்றேனும் முளைக்கவில்லை. மிளகாயும் பாகலும் பயிற்றையும் அவ்வாறே. இரண்டு வாரம் நாள்தோறும் காலையிற் குந்தியிருந்து மண்ணைப் பார்த்துவிட்டு, “மண்தான் மாறிப்போச்சு” என்று சொன்னார். மண்ணிலே குற்றமில்லையென்று அப்போது பல்கலைக்கழகத்தில் விஞ்ஞானம் படித்துக்கொண்டிருந்த எமக்குத் தெரியும். சொல்ல மனம் வரவில்லை. இன்றும் அதைச் சொல்லியிருக்க வேண்டுமோவென்று எண்ணுவதுண்டு. ஊரிலே வேறெவரிடமும் அந்தக் கத்தரி இருக்கவில்லை, விசாரித்துப் பார்த்தோம்.

சுரையில் மாத்திரம் இரண்டு வித்துக்கள், இருபது நாள் பிந்தி, தலை தூக்கின. அவற்றில் ஒன்று கொடியாயிற்று.

வாசகர் வீடுகளில் பழைய வித்து முடிச்சுக்கள் இருக்குமானால் நாட்பார்த்திராமல் இன்றே பத்தை எண்ணி எடுத்து, ஈரத் துணியிற் சுற்றி, ஒரு தட்டால் மூடி வைத்துப் பாருங்கள். துணி உலராமலும் நீர் தேங்காமலும் இருக்கவேண்டும். பயறு வகைகளுக்கு மூன்று நாளும், கத்தரி மிளகாய்க்குப் பத்துப் பன்னிரண்டு நாளும் கொடுக்கலாம். எட்டுக்கு மேல் முளைத்தாற் கவலையில்லை. ஐந்தாறு முளைத்தால் இந்தப் போகத்திலேயே விதைத்துப் புது வித்து எடுத்துக்கொள்க. அடுத்த வருடத்துக்கென்று வைக்க வேண்டாம். ஒன்றிரண்டே முளைத்தால் அந்த ஒன்றிரண்டையும் எறியாமற் சட்டியில் நட்டுக் காப்பாற்றுங்கள். புது வித்தை நிழலிற் காற்றோட்டமாக உலர்த்தி, திருகுமூடிப் போத்தலில், வறுத்து ஆறவைத்த அரிசி ஒரு கைப்பிடி அடியிலிட்டு, அதன்மேல் வித்துப் பொட்டலத்தை வைத்து இறுக மூடினால், எஞ்சிய ஈரத்தை அரிசி இழுத்துக்கொள்ளும். குளிர்ப்பெட்டி இருப்பவர்கள் அதனுள் வைக்கலாம். வெளியே எடுத்தால் போத்தல் அறைச் சூட்டுக்கு வரும்வரை மூடியைத் திறவாதீர்கள், திறந்தாற் பனித்துளி உள்ளே படியும். வெளியிலே ஆண்டையும் மாதத்தையும் எழுதி ஒட்டுவது முக்கியம்.

அம்மம்மா 2008 இற் காலமானார். அந்தச் சுரையை நாம் ஆண்டுதோறும் போட்டு வருகிறோம். வித்தை உறவினர் நால்வரிடமும் கொடுத்து வைத்திருக்கிறோம், அவர்களில் ஒருவர் வவுனியாவில் இருக்கிறார். இவ்வாண்டு ஆவணியில் போத்தலிலிருந்து பத்தை எடுத்து ஈரத் துணியில் வைத்தோம். ஒன்பது முளைத்தன.